யானை வேண்டாம், குழியானை போதும்

"ஓசூரில் வசிக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பத்து. மாமியாருக்கு அறுபத்திரண்டு. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காட்டுக்குள் நடந்துவிட்டு வர ஆசை. எங்கே போகலாம்? நாங்களாகவே போகலாமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடப்புத்தகத்தில் இருக்கும் இலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டச் சோம்பல்பட்டுப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகத் தொடங்கியவன். இப்போது பேரனோடு போகிறேன். ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்களாகவே போகலாமா என்பது எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. தருமபுரியிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு வருகிற ரயில் பாதையை மனத்தில் ஒரு கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேற்கே தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று காவிரி வரைக்கும் போவது யானைக் காடு. கிழக்கே அரூர், தீர்த்தமலை, சித்தேரி, வத்தல்மலை என்று இருப்பவை ஊர்களும் கோயில்களும் காப்பித் தோட்டங்களும் கலந்த மலைகள். பிள்ளைகளோடு நீங்களாகவே நடக்கக் கிழக்கே போங்கள். மேற்கே வழிகாட்டி இல்லாமல் காலடி வைக்காதீர்கள். இந்தக் கோடு யானைக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ராகி கதிர் முற்றும் நாளில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும் கூட்டங்கள் உங்கள் ஊரை ஒட்டிய சானமாவு வரைக்கும் வந்து நிற்பதை ஓசூர்க்காரர்களாகிய நீங்களே செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆகவே அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஓசூரைச் சுற்றியுள்ள எந்தக் காட்டோரமும் காலை நடைக்கு ஏற்ற இடம் அல்ல, அது எவ்வளவு சின்னக் காடாக இருந்தாலும்.

மேற்குக் காடு எவ்வளவு பெரிது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறேன் என்பது புரியும். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது, அது 686 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் 17ஆவது சரணாலயம். இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரு மாவட்டங்களின் காடுகள். ஆற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், மாதேசுவரன் மலை, அதையும் தாண்டிச் சத்தியமங்கலம் என்று இந்தக் காடு அறுபடாமல் ஓடுகிறது. காவிரி தெற்கில் மட்டும் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவாகியிருக்கின்றன. யானை, சிறுத்தை, கரடி, நாற்கொம்பு மான், ஆற்றோர மருத மரங்களில் நரை அணில், தண்ணீரில் முதலை, நீர்நாய், மெத்தென்ற ஓடுள்ள பெரிய ஆமை. படிக்க இனிக்கிற பட்டியல்தான். ஆறு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மூங்கில் புதர் ஓரம் திரும்பும்போது இந்தப் பட்டியலின் முதல் பெயர் எதிரே நின்றால் இனிக்காது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சரணாலயத்துக்குள்ளும் காப்புக் காட்டுக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். "ஊர்க்காரர்கள் போகிறார்களே" என்பார்கள். அவர்கள் மாடு மேய்க்கவும் புளி பொறுக்கவும் போகிறவர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சாணம் எத்தனை நாழிகைக்கு முந்தியது என்று மூக்கிலேயே கண்டுபிடிக்கிறவர்கள். நமக்கு அந்த மூக்கு இல்லை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. பாதைகளை எளியது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு செய்தால் அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அந்தப் பட்டியலில் உண்டு. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடிவிடுவது வழக்கம். யானைக் காட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் இதுதான் ஒரே நேர்மையான வழி. குத்திராயனுக்கு உங்கள் மகன் பதின்மூன்று பதினான்கு வயதில் போகட்டும். இப்போது வேண்டாம்.

சரி, எங்கே போகலாம்.

என்னைக் கேட்டால் உங்கள் முதல் நடை தீர்த்தமலைதான். ஓசூரிலிருந்து தொலைவு, மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. விடியுமுன் கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே அரூரில் போய்த் தங்க வேண்டும். இருந்தாலும் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான மலை இந்தப் பக்கத்தில் இல்லை. அடிவாரத்தில் ஒரு கோயில், மேலே தீர்த்தகிரீசுவரர் கோயில். இடையில் படிகளும் பாதையுமாக இருபுறமும் காடு. நூற்றாண்டுகளாகப் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் ஏறி ஏறித் தேய்த்த வழி அது. மேலே பாறை இடுக்கிலிருந்து இராமர் தீர்த்தம் விழுகிறது. வெளியில் வெயில் எரிக்கும் நாளிலும் அந்த நீர் தலையில் விழுந்தால் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். இராமன் அம்பெய்து வரவழைத்த நீர் என்பது தலபுராணம். குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று இன்னும் நான்கு உண்டு. ஒரு மொட்டைப் பாறைக்குள்ளிருந்து எப்படித் தண்ணீர் வருகிறது என்று உங்கள் மகன் கேட்பான். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். மேலே விழுந்த மழையைக் காட்டின் வேரும் மண்ணும் பிடித்து வைத்துக்கொண்டு, பாறையின் வெடிப்புகள் வழியாக மெல்லக் கசிய விடுகின்றன. காடு இல்லாத மலையில் மழை ஒரு மணி நேரத்தில் ஓடை வழியாக ஓடிவிடும். இதை வகுப்பில் நாற்பது நிமிடம் சொல்லிப் புரியாத பிள்ளைக்கு, நனைந்த தலையோடு நிற்கும்போது அரை நிமிடத்தில் புரிந்திருக்கிறது.

தீர்த்தமலையில் இரண்டு தொல்லைகள். ஒன்று குரங்கு. கையில் பை தொங்கினால் அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும். தின்பண்டத்தை முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். வழியில் பிரிக்காதீர்கள். பிள்ளையின் கையில் பிஸ்கட் கொடுத்துக் குரங்குக்கு நீட்டச் சொல்லிப் படம் பிடிக்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கடி வாங்கினால் வெறிநாய்க்கடி ஊசிதான் போட வேண்டும் என்று தெரிந்தால் நீட்டச் சொல்வார்களா? மற்றொன்று சூடு. பத்து மணிக்கு மேல் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏற வேண்டும் என்று உங்கள் மாமியார் பிடிவாதம் பிடிப்பார். தடுக்காதீர்கள். தடித்த காலுறை இரண்டு சோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது இராயக்கோட்டைக் கோட்டை. ரயிலிலேயே போகலாம், சேலம் பெங்களூர் பாதையில் இராயக்கோட்டை ஒரு நிலையம். பிள்ளைகளுக்கு ரயில் பாதி, மலை பாதி. பாராமகால் என்று பழைய ஆவணங்களில் வரும் நம் பகுதியின் கோட்டைகளில் இது முக்கியமானது. மைசூர்ப் படையிடமிருந்து 1791இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. மேலே இடிந்த சுவர்கள், சுனைகள், சுற்றிலும் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தக்காளித் தோட்டமும் மாந்தோப்பும் பாறைக் குன்றும். அந்த உயரத்திலிருந்து மேற்கே பார்த்தால் காவிரிக் காட்டின் முதல் மலைகள் நீலமாகத் தெரியும். யானைக் காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல தூரம் கிடையாது.

இந்த மலையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஏப்ரல் மாதம், பள்ளி விடுமுறை. வீட்டில் இட்லி சாப்பிட்டு நிதானமாகக் கிளம்பிப் பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர். பாதி வழியில் அவள் பேசுவதை நிறுத்தினாள். சமர்த்தாக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உச்சி தெரிந்தது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று இழுத்துக்கொண்டு போனேன். மேலே போனதும் வாந்தி எடுத்தாள், முகம் சிவந்து உடம்பு கொதித்தது. நிழலென்று சொல்ல ஓர் இடிந்த சுவர்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு இறங்கிவந்து சேர்வதற்குள் எனக்கு என் வாத்தியார் பட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. மலையில் பிள்ளை பேசாமல் வந்தால் அது சமர்த்து அல்ல. நிறுத்து, உட்கார வை, தண்ணீர் கொடு என்று பொருள்.

அதிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. உச்சியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்க்கிறேன். ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் எட்டு மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கேதான் எங்கள் உச்சி. அது ஒரு வேப்ப மரத்தடியாக இருக்கலாம், ஒரு வழுக்குப் பாறையாக இருக்கலாம். அங்கே துண்டை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரிக்கிறோம், இறங்குகிறோம். ஆறு வயதுப் பிள்ளை மலைப்பாதையில் ஒரு கிலோமீட்டர் நடக்க முக்கால் மணி நேரம் எடுக்கும். கால் வலுவில்லாததால் அல்ல, ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால். அந்தப் புரட்டலுக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால் நடை இனிக்கும். ஏற்றுக்கொள்ளாத தகப்பன்மார்கள் முன்னால் விறுவிறு என்று போய் மேலே நின்றுகொண்டு "சீக்கிரம் வாங்க" என்று கத்துவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தண்ணீர்ப் பை முழுவதையும் அவர் முதுகில் ஏற்றிவிடுங்கள், வேகம் தானாகக் குறையும்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, சையத் பாஷா மலை என்கிறோமே, அதையும் பலர் சொல்வார்கள். நல்ல மலைதான். ஆனால் படிகள் உயரமானவை, ஆறு வயதுக் காலுக்கு ஒவ்வொரு படியும் ஒரு சுவர். மகனை மட்டும் தனியே அழைத்துப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டை மலையானாலும் சுனையருகே பிள்ளையின் கையை விடாதீர்கள். தடுப்புச் சுவர் இருக்காது, ஓரம் பாசி பிடித்திருக்கும், ஆழம் தெரியாது.

மல்லசந்திரம் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. சின்னப் பாறைக் குன்று, அதன் மேலே பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள். இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. பத்து வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏறவும் உள்ளே போகவும் ஆசைப்படுவான், விடாதீர்கள். ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கல் நம் வீட்டுப் பிள்ளை குதித்து விழக் கூடாது. நம் ஊர்ப் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்பதையும் காட்டுங்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவன், புலியோடு பொருது இறந்தவன் என்று கல்லிலேயே கதை செதுக்கியிருக்கும்.

வத்தல்மலைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாகச் சாலை ஏறுகிறது. வயிறு புரட்டும் பிள்ளை என்றால் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மேலே மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள், சில்வர் ஓக் நிழலில் காப்பி, மிளகுக் கொடி, சாமை, ராகி. இந்தச் சாலை வருமுன் பிரசவ வலி எடுத்தவளைத் தொட்டில் கட்டித்தான் இறக்கினார்கள். மலைப்பாதையை நாம் பொழுதுபோக்கு என்கிறோம், அவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வழியாக இருந்தது. அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையில் வண்டிப்பாதையில் நடக்கலாம். ஏற்ற இறக்கம் குறைவு, உங்கள் மாமியாருக்கு ஏற்றது. தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், காப்பிப் பழம் சிவந்திருந்தாலும் பறிக்காதீர்கள். கேட்டால் அவர்களே ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். சித்தேரியும் இதே மாதிரிதான், கூட்டம் இன்னும் குறைவு.

ஒகேனக்கல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். அது நடைக்கான இடம் அல்ல, பரிசலுக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் மீனுக்குமான இடம். பென்னாகரத்துக்கு அப்பால் சாலை காட்டுக்குள் போகிறது. அங்கே வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடுவதும் இறங்கிப் படம் எடுப்பதும் வேண்டாம். கர்நாடக அணைகளில் திறந்துவிட்டால் ஆற்றில் நீர் ஏறும், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவார்கள். கிளம்புமுன் செய்தி பாருங்கள்.

காலம் எது என்றால், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. மழை பெய்து ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும், பனி விலகியதும் வெயில் சுடாது. நம் மலைகளில் பெரும்பாலானவை இலை உதிர்க்கும் வறண்ட காடுகள். பிப்ரவரி தாண்டினால் ஆச்சா, வேங்கை எல்லாம் மொட்டையாக நிற்கும், நிழலே இருக்காது. கோடையில் மலையை விட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் முதல் மழை விழுந்ததும் ஒரு தடவை போகலாம், ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

பேரனை முதல் தடவை அழைத்துப் போனபோது யானை காட்டு, யானை காட்டு என்று உயிரை வாங்கினான். அவனுக்கு ஐந்து வயது. ஒரு பாறை நிழலில் பொடி மண்ணில் புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. "இதோ பார், இதற்குள் யானை இருக்கிறது" என்றேன். ஓர் எறும்பைத் துரும்பால் ஓரத்தில் தள்ளிவிட்டோம். மண் சரிய, எறும்பு ஏற, அடியிலிருந்து ஏதோ மண்ணை வாரி எறிய, எறும்பு வழுக்கி உள்ளே போனது. குழியானை. தட்டான் போலிருக்கிற ஒரு பூச்சியின் புழு. பின்னாலேயே நகரும், குழிக்குள் தாடையை விரித்துக் காத்திருக்கும். அவன் அங்கேயே ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துவிட்டான். அன்றைக்கு எங்கள் மொத்த நடை இருநூறு மீட்டர் இருக்கும். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் யானை பார்த்தேன் என்றுதான் சொன்னான்.

காட்டில் பிள்ளைக்கு வேண்டியது இந்த உயரத்தில்தான் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே. முதல் மழை நாளில் செம்மண்ணில் சிவப்புப் பட்டுத் துணியைக் கத்தரித்துப் போட்டது போல ஊர்கிற தம்பலப்பூச்சி. ஒரு வாரம்தான் தெரியும், பிறகு அடுத்த ஆண்டுதான். அதற்காகத்தான் ஜூன் என்றேன். தும்பைப் பூவைப் பறித்து அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன். குளிர்காலத்தில் காட்டு நெல்லி. ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்த பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் இனிக்கும். ஆயுளை நீட்டும் நெல்லிக்கனி கிடைத்தும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரிதான். அந்தக் கதையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது.

எல்லாவற்றையும் வாயில் போட விடலாமா என்றால் கூடாது. குன்றிமணியைப் பிள்ளைகள் பை நிறையப் பொறுக்குவார்கள், சிவப்பும் கருப்புமாக அவ்வளவு அழகு. கடித்து உடைத்து விழுங்கினால் கொடிய நஞ்சு. மழைக்குப் பிறகு பூக்கும் செங்காந்தள் நம் மாநிலப் பூ, அதன் கிழங்கும் நஞ்சு. ஊமத்தை, எட்டிக்காய் எல்லாம் அப்படியே. நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: என் கையிலிருந்து வராத எதையும் வாயில் வைக்கக் கூடாது. பூனைக்காலி என்று ஒரு கொடி, பழுப்புச் சுணை, அதாவது பட்டால் அரிக்கிற மென்முடி, மூடிய காய். கோடைக்குச் சற்று முன் அந்தச் சுணை காற்றிலேயே பறக்கும். பட்டால் தேய்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும். ஒட்டு நாடாவை ஒட்டிப் பிய்த்தெடுத்துவிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள்.

பாறைச் சரிவுகளில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள். புகை, வாசனைத் திரவியம், கல்லெறி மூன்றும் அதற்கு ஆகாது. பாம்பைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் நிறைய. பகலில், பாதையில், பார்த்து நடக்கிறவனைப் பாம்பு தேடி வருவதில்லை. கல் இடுக்கில் கை விடாதே, பார்க்காத இடத்தில் உட்காராதே என்று பழக்கினால் பெரும்பாலும் போதும். ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். மந்திரிக்கிறவரிடம் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

எடுத்துப் போக வேண்டியவற்றில் முதலும் முடிவும் தண்ணீர். பெரியவர்களுக்கு இரண்டு லிட்டர், பிள்ளைகளுக்கு ஒன்று. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. புளிச்சோறு மலைக்கு உகந்தது, கெடாது. தயிர்ச்சோறு வெயிலில் நொதித்துவிடும். வேர்க்கடலை உருண்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும், அழுகை வருகிற நேரத்தில் அதுதான் மருந்து. முழுக்கால் சட்டை போடுங்கள், ஆடு மாடு மேய்கிற புல்லில் உண்ணி ஏறும். திரும்பியதும் பிள்ளைகளின் காது மடல், அக்குள், இடுப்பில் பாருங்கள், ஒட்டியிருந்தால் இடுக்கியால் நேராக மெல்ல இழுங்கள். பிடியுள்ள கான்வாஸ் காலணி போதும், விலையுயர்ந்த மலையேற்றக் காலணிகளைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு விசில் கழுத்தில் மாட்டுங்கள். வழி தவறினால் தேடிக்கொண்டு நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். பல மலைகளில் செல்பேசி வேலை செய்யாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பெண்கள் கேட்கத் தயங்குகிற ஒன்று உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். மலையில் கழிப்பறை இருக்காது. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து பாதி மலையில் மயங்கி உட்காருகிற பெண்களே அதிகம். அடிவாரத்து ஊரில், பேருந்து நிலையத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ போய்விட்டு ஏறுங்கள். ஒன்றரை மணி நேர ஏற்றம், அதே அளவு இறக்கம் என்று நடையைச் சுருக்கிக்கொண்டால் தாகத்தோடு போராட வேண்டியதில்லை. மண் தோண்ட ஒரு சின்னக் களைக்கொத்தும் பழைய சேலைத் துண்டு ஒன்றும் பையில் இருந்தால் அவசரத்துக்கு மறைப்பும் ஆயிற்று, குழியும் ஆயிற்று.

கடைசியாக உங்கள் மாமியார். ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மூச்சு வாங்கினால் நின்றுவிடுவார். முழங்காலுக்கு எதிரி இறக்கம். என் அம்மா அறுபத்தெட்டு வயதில் தீர்த்தமலை ஏறினார். மேலே வரை சிரித்துக்கொண்டே வந்தவர் இறங்கும்போது ஏழெட்டுப் படிக்கு ஒரு தடவை நின்றார். மூங்கில் கழி ஒன்று, அவர் இடுப்பை விடச் சற்று உயரமாக, எடுத்துப் போங்கள். இறங்கும்போது கழியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, வலிக்கிற காலை முதலில் இறக்கச் சொல்லுங்கள். நேராக இறங்காமல் படியில் சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினால் முட்டியில் பாரம் குறையும். ஏறுவதற்கு ஆன நேரத்தையே இறங்கவும் கொடுங்கள். உங்கள் மகளை அவரோடு விடுங்கள். இரண்டு பேருக்கும் வேகம் ஒன்றுதான், கதை சொல்லவும் கேட்கவும் ஆள் ஆயிற்று. நீங்களும் உங்கள் கணவரும் மகனும் முன்னால் போய்விடாமல், ஒருவர் எப்போதும் அவர்களுக்குப் பின்னால் வாருங்கள்.